ஒரு டப்பா கரி

நைரோபியில் பார்க்லேண்ட்ஸ் பகுதியில் நாங்கள் குடியிருந்த தெருவின் முனையில் ஒரு பெண்மணி காய்கறிக் கடை வைத்திருந்தார். கடை என்றால் நாலு கம்பு, மேலே ஒரு தகரம், பலகையில் கூறு கட்டிய தக்காளி, வெங்காயம், அவ்வளவுதான். இப்படித் தெருவோரம் காய் விற்கும் பெண்களை அங்கே ‘மாமா ம்போகா’ என்பார்கள். ஸ்வாஹிலியில் மாமா என்றால் அம்மா, ம்போகா என்றால் காய்கறி. அவர் என்னைத் ‘தாதா’ என்று கூப்பிடுவார். அக்கா என்று பொருள். போனில் ஒருமுறை என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “அங்கே போய் என்னடி தொழில் பண்றே?” என்று கேட்டார்.

கணவருக்கு அங்கே வேலை கிடைத்து 2017 கடைசியில் போனோம், 2022-ல் திரும்பினோம். இடைப்பட்ட வருடங்களில் நான் கென்யாவைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பாதி அந்தக் கடை வாசலில் நின்று தெரிந்துகொண்டது. மிச்சப் பாதியைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

காலை எட்டு மணிக்கே கடைக்குப் பின்னால் அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். அதன் பெயர் ஜிகோ. நம் பாட்டிகள் காப்பிக்கு வைத்திருந்த குமுட்டி அடுப்புக்கு ஒன்றுவிட்ட தங்கை. மேலும் கீழும் அகன்று நடுவில் இடுப்பு சிறுத்து, உடுக்கையை நிற்க வைத்தது போல இருக்கும். வெளியே தகரம், உள்ளே சுட்ட மண். 1980-களின் தொடக்கத்தில் தாய்லாந்து வாளி அடுப்பைப் பார்த்து, கென்யாவின் பழைய தகர அடுப்போடு சேர்த்து உருவாக்கினார்கள். பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்வதில்லை. வெயிலில் உட்கார்ந்து தகரம் தட்டும் கைவினைஞர்கள்தான் செய்கிறார்கள், அந்தத் தொழிலுக்கே அங்கே ‘ஜுவா காலி’, அதாவது கடும் வெயில் என்றுதான் பெயர். பழைய அடுப்பைவிட மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி வரைக்கும் கரி மிச்சமாகும். ஆப்பிரிக்காவில் அடுப்புச் சீர்திருத்தம் என்று நடந்தவற்றில் மக்கள் தாங்களாகவே காசு கொடுத்து வாங்கியவற்றில் முக்கியமானது இது என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

அதன் மேல் ஒரு பெரிய சுஃபுரியா, மூடியில்லாத அலுமினியப் பாத்திரம். உள்ளே கிதேரி கொதித்துக்கொண்டிருக்கும். காய்ந்த மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைப்பதுதான் கிதேரி. மூன்று மணி நேரம் ஆகும், சோளம் பழசாக இருந்தால் நாலு. அவர் குடும்பத்துக்கு இவ்வளவு எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் பார்த்தால் வேலை முடிந்து போகிறவர்கள் வரிசையாக நின்று கப் கணக்கில் வாங்கிப் போகிறார்கள். வீட்டில் எண்ணெய் ஊற்றி வெங்காயம் தக்காளி வதக்கி இதைக் கொட்டிக் கிளறினால் சாப்பாடு ரெடி. அவர்கள் வாங்குவது பீன்ஸ் மட்டும் இல்லை, அந்த மூன்று மணி நேரத் தணலையும் சேர்த்துத்தான். அதைத் தனித்தனியாக வீட்டில் மூட்ட யாருக்கும் கட்டுப்படியாகவில்லை.

கரிக் கடை எதிர்ச்சாரியில். சமையல் கொழுப்பு வந்த இரண்டு கிலோ டப்பாதான் அளவு. நான் இருந்த காலத்தில் ஒரு டப்பா 50 ஷில்லிங்கில் தொடங்கி 80-ஐத் தாண்டியது. டப்பாவை நிரப்புவது தனிக் கலை. நீளமான துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று சாய்த்து, உள்ளே காற்று, வெளியே கோபுரம். பார்க்க வழிய வழிய இருக்கும், கொட்டினால் முக்கால்தான். மாமா ம்போகா எதுவும் பேசாமல் டப்பாவை வாங்கித் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். கோபுரம் இறங்கும். கரிக்காரர் முனகிக்கொண்டே இன்னும் இரண்டு துண்டு போடுவார். தினமும் இதே கூத்து.

“மூட்டையாக வாங்கினால் மலிவாச்சே?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. மூட்டைக்குக் காசு எங்கே இருக்கிறது? நேற்று விற்ற காசில் இன்றைக்குக் காய் வாங்க வேண்டும், பிள்ளைக்குப் பஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும், மிச்சத்தில் ஒரு டப்பா கரி. அங்கே இதற்குப் பெயரே இருக்கிறது, ‘கடோகோ’ பொருளாதாரம். கடோகோ என்றால் துளியூண்டு. சோப்புத்தூள், எண்ணெய், சர்க்கரை, போனுக்குப் பேசும் காசு, எல்லாமே துளியூண்டாகக் கிடைக்கும். கேஸ் மட்டும்தான் கிடைக்காது.

இத்தனைக்கும் அவரிடம் கேஸ் அடுப்பு இருந்தது. ஹுருமாவில் அவருடைய ஒற்றை அறை வீட்டுக்கு ஒருமுறை போனபோது பார்த்தேன். ஆறு கிலோ சிலிண்டர், அதன் தலையிலேயே பர்னர். ‘மெகோ’ என்பார்கள். கட்டிலுக்கு அடியில் மேலே துணி மூடிப் பத்திரமாக இருந்தது. சிலிண்டர் இருக்கிறது, கேஸ்தான் இல்லை. வாங்கிய வருடம் இரண்டு தடவை நிரப்பினாராம். ஒரு தடவை நிரப்ப ஆயிரம் ஷில்லிங்குக்கு மேல். தினம் ஒரு டப்பா என்று மாதம் முழுக்க வாங்கினால் கரிக்கு அதைவிட அதிகம்தான் ஆகும், அவருக்கும் அது தெரியும். என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுகிறவர். ஆனால் ஆயிரம் ஷில்லிங் ஒரே நாளில் கையில் சேர்ந்தால் அது வாடகைக்குப் போகும், இல்லை பள்ளிக்கூடத்துக்குப் போகும்.

ஆப்பிரிக்காவின் சமையல் எரிபொருளைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு அந்தக் கட்டிலடி சிலிண்டர்தான் ஞாபகம் வரும். அந்தக் கண்டத்தில் சுமார் நூறு கோடிப் பேர் இன்னும் விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் என்றுதான் சமைக்கிறார்கள். சஹாராவுக்குத் தெற்கே ஐந்து பேரில் நாலு பேர். வீட்டுப் புகையால் உலகம் முழுக்க ஒரு வருடத்தில் 32 லட்சம் பேர் செத்துப்போவதாக 2020-க்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதில் ஐந்து வயதுக்குக் கீழே 2,37,000-க்கு மேல். கென்யாவின் 2019 கணக்கெடுப்பில் 55 சதவீத வீடுகள் விறகில் சமைத்தன, கேஸ் என்று சொன்னவை கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் இந்தக் கணக்கெடுப்பில் கேட்பது “பெரும்பாலும் எதில் சமைக்கிறீர்கள்” என்றுதான். வீட்டுக்கு ஒரு அடுப்பு என்று நினைத்துக் கேட்கிற கேள்வி அது. எந்த ஏழை வீட்டிலும் அப்படி இல்லை. டீக்கு ஒன்று, உகாலி என்கிற மக்காச்சோள மாவுக் களிக்கு ஒன்று, கிதேரிக்கு ஒன்று. எங்கள் பாட்டி வீட்டில் கேஸ் வந்து பத்து வருடம் ஆன பிறகும் வெந்நீர் கொல்லைப்புற விறகடுப்பில்தான். கேஸில் தண்ணீர் காய்ச்சுவது பாட்டிக்குப் பாவம் செய்கிற மாதிரி.

நாங்கள் போய் இறங்கிய சில மாதத்தில், 2018 பிப்ரவரியில், கென்ய அரசு காட்டில் மரம் வெட்டத் தடை போட்டது. ஆறுகள் வற்றிக்கொண்டிருந்தன, காடு அழிகிறது என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள், ஆகவே நியாயமான தடைதான். தொண்ணூறு நாள் என்று ஆரம்பித்து நீட்டித்து நீட்டித்து 2023 வரை போனது. கரி விலை ஏறியது. சரி, கரி வேண்டாம், மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் போகலாம் என்றால் அதே வருடம் செப்டம்பரில் மண்ணெண்ணெய்க்கு லிட்டருக்கு 18 ஷில்லிங் புது வரி. டீசலில் மண்ணெண்ணெயைக் கலப்படம் செய்கிறார்கள், அதைத் தடுக்க டீசல் விலைக்கே மண்ணெண்ணெயைக் கொண்டுவந்துவிட்டார்கள். கலப்படம் குறைந்திருக்கலாம். ஆனால் ஸ்டவ்வில் சமைத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் விழுந்தது.

அப்போ கேஸுக்காவது வழி விட்டார்களா? 2016-ல் கேஸுக்கு மதிப்புக்கூட்டு வரியை எடுத்திருந்தார்கள், உபயோகம் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. 2021 ஜூலையில் 16 சதவீதத்தைத் திரும்பப் போட்டார்கள். ஒரே வருடத்தில் பாதியாக்கி 8. 2023 ஜூலையில் மறுபடியும் பூஜ்யம். ஏழு வருடத்துக்குள் எடுத்து, போட்டு, குறைத்து, மறுபடி எடுத்து. வரி திரும்ப வந்த அந்த ஜூலையில் எங்கள் வீட்டு 13 கிலோ சிலிண்டருக்கும் விலை ஏறியது. நாங்கள் முனகிவிட்டுக் கொடுத்தோம். கடைக்காரம்மா மெகோ பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

ஜூலை என்றதும் இன்னொன்று. நைரோபி கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டர் மேலே இருக்கிறது, ஜூன் ஜூலையில் நடுங்கும். தகரச் சுவர் வீட்டில் ராத்திரி ஜிகோவை உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறார்கள். தணலில் புகை தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். குடும்பமாகப் போய்விட்டார்கள் என்று குளிர்காலத்தில் செய்தி வரும். அடுப்பு என்றால் சமைக்க மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு திட்டம் போடுகிறவர்கள், அந்த அறையின் ஒரே கணப்பும் அதுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இனி குக்கர் கதைக்கு வருகிறேன்.

என்னிடம் ஊரிலிருந்து கொண்டுபோன இரண்டு குக்கர் இருந்தன. 2019-ல் அதில் ஐந்து லிட்டரை அவரிடம் கொடுத்தேன். ராஜ்மாவுக்கு ஆறு விசில் விடுகிற எனக்கு, மூன்று மணி நேரம் மூடியில்லாமல் பீன்ஸ் கொதிப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. என் திட்டம் எளிது. முந்தின ராத்திரி ஊறப்போடணும், மெகோவில் குக்கரை வைக்கணும், முக்கால் மணி நேரத்தில் கிதேரி. ஒரு சிலிண்டர் பல வாரம் வரும். மனதுக்குள் எனக்கு நானே ஒரு சால்வை போர்த்திக்கொண்டேன்.

முதல் விசிலுக்கு வாடிக்கையாளர் இரண்டு பேர் தெருவுக்கு ஓடினார்கள். அவரும் ஒரு முட்டைக்கோஸைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வாரம் நான் பக்கத்தில் நின்றேன். அப்புறம் பழகிவிட்டது.

பத்து நாள் கழித்துப் போனால் குக்கரின் அடி கன்னங்கரேல் என்று இருந்தது. ஜிகோவின் மேல் வைத்திருக்கிறார். “மெகோ என்ன ஆச்சு?” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஜிகோவுக்குக் கீழே சாம்பல் எடுக்க ஒரு சின்னக் கதவு இருக்கும். குக்கரில் ஆவி பிடித்ததும் அந்தக் கதவை முக்கால்வாசி சாத்திவிடுகிறார். காற்றுப் போவது குறையும், தணல் அடங்கும். நம் வீட்டு அடுப்பின் ‘சிம்’மை அவர் கரியடுப்பில் கண்டுபிடித்துவிட்டார். “முன்னால் ஒரு டப்பா கரி முழுசாகத் தீரும். இப்போது பாதி மிஞ்சுகிறது. இது போதும், தாதா.” அந்த மிச்சக் காசு தினமும் கையில் வந்தது. கேஸுக்கு மாறினால் வரும் லாபம் மாதக் கடைசியில், கணக்கில் மட்டும்.

நான் கொஞ்சம் சுருங்கித்தான் போனேன். புகையை ஒழிக்கப் போய்க் கரியைச் சிக்கனமாக்கிவிட்டு வந்திருக்கிறேன். பாதிப் புகை குறைந்தால் பாதி நோய் குறையும் என்றும் சொல்ல முடியாது. மலாவியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முடிவு 2017-ல் வெளிவந்தது. பாதி வீடுகளுக்குப் புகை குறைவாக வரும் விறகடுப்பு கொடுத்தார்கள். குழந்தைகளின் நிமோனியா குறையவில்லை. அடுப்பைச் சீர்திருத்துவது மட்டும் போதாது, எரிபொருளே மாற வேண்டும் என்று பலர் பேச ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அவரைப் போன்றவர்களுக்கு எரிபொருள் எப்படி மாறும் என்பதற்கு அதே ஊரில் பதில் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. கென்யாவில் 2007-லிருந்து எம்-பேசா இருக்கிறது. போனில் காசு அனுப்புவது. காய்கறிக்கார அம்மாவே இருபது ஷில்லிங் தக்காளிக்கு எம்-பேசாவில் வாங்கிக்கொள்வார். அதோடு கேஸ் சிலிண்டரைக் கோத்துவிட்டார்கள். சிலிண்டரின் தலையில் ஒரு மீட்டர். போனில் 50 ஷில்லிங் போட்டால் வால்வு திறக்கும், அந்தக் காசுக்கான கேஸ் தீர்ந்ததும் மூடிக்கொள்ளும். சிலிண்டர் கம்பெனியுடையது, நிரப்பும் தலைவலியும் அவர்களுடையது. ஒரு டப்பா கரி போலவே ஒரு டப்பா கேஸ். என் காலத்தில் சில மளிகைக் கடைகளில் எத்தனாலுக்கும் இதே மாதிரி ஏடிஎம் போல ஒரு இயந்திரம் வைத்திருந்தார்கள். டப்பாவைக் கொண்டுபோய்ச் சொருகி வேண்டிய அளவு பிடித்துக்கொள்ளலாம்.

இது பேச்சுக்காகச் சொல்வதில்லை. முகுரு க்வா ரூபென் என்று நைரோபியில் ஒரு பெரிய குடிசைப் பகுதி. 2020 கொரோனா ஊரடங்கில், வருமானம் விழுந்த நேரத்தில், அங்கே ஆய்வு செய்திருக்கிறார்கள். மீட்டர் கேஸ் வைத்திருந்த வீடுகளில் 95 சதவீதம் பேர் கேஸை விடவில்லை. முழு சிலிண்டர் வாங்கிக்கொண்டிருந்தவர்களில் சுமார் கால்வாசிப் பேர் மண்ணெண்ணெய்க்கும் விறகுக்கும் திரும்பிவிட்டார்கள். ஒரே பகுதி, ஒரே கேஸ், அதே வறுமை. காசு கட்டும் விதம் மட்டும்தான் வேறு.

எங்கள் கடைக்காரம்மா இருந்த சந்துக்கு அந்த மீட்டர் கேஸ் நான் கிளம்பும் வரை வரவில்லை. கேட்டுப் பார்த்தார். “அடுத்த கட்டத்தில்” என்றார்களாம்.

சரி, மின்சாரம்? கென்யாவின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு புவிவெப்பம், நீர், காற்று, சூரியன். ஒல்கரியாவில் பூமிக்கடியிலிருந்து வரும் நீராவியே நாட்டுக்குப் பெரிய பலம். மின்சாரக் குக்கரில் அரைக் கிலோ பீன்ஸ் வேக அரை யூனிட்டுக்குள்தான் ஆகும், டோக்கன் போடும் மீட்டரில் அது கரியைவிட மலிவு. கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் குக்கர் பல ஆயிரம் ஷில்லிங், வீட்டுக்காரர் ஒரே லைனில் பத்து அறைக்கு இழுத்திருப்பார், ரெண்டு பேர் அயர்ன் பாக்ஸ் போட்டால் ஃப்யூஸ் போகும். எனக்கு இதில் நம்பிக்கை உண்டு, ஆனால் ஹுருமாவின் அந்த ஸ்விட்ச் போர்டைப் பார்த்த பிறகு அவசரப்பட மனம் வரவில்லை.

இந்தியா வந்த பிறகு இரண்டு செய்திகள். 2024 பிப்ரவரி 1-ஆம் தேதி ராத்திரி, நைரோபியின் எம்பகாசியில் அனுமதியில்லாமல் நடந்த கேஸ் நிரப்பும் இடம் வெடித்தது. உயிர்ச்சேதத்தோடு கிட்டத்தட்ட 300 பேருக்குக் காயம். மலிவாகக் கிடைத்தால் எங்கே நிரப்புகிறார்கள் என்று யார் கேட்பார்கள்? எந்தக் கம்பெனி சிலிண்டரையும் எங்கேயும் மாற்றலாம் என்று 2009-ல் கொண்டுவந்த ஏற்பாடு ஏழைகளுக்குச் சௌகரியம், திருட்டுத்தனமாக நிரப்புகிறவர்களுக்கும் சௌகரியம். 2019-ல் அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். அக்ராவில் 2017 அக்டோபரில் கேஸ் நிலையம் வெடித்த பிறகு கானா வேறு வழியில் போனது. தெருமுனையில் நிரப்புவதை விட்டுவிட்டு, பெரிய ஆலையில் நிரப்பிய சிலிண்டரைக் கடையில் மாற்றிக்கொள்ளும் முறை, நம் ஊரில் நாம் பழகிய முறை. பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் அங்கே பழைய முறையில் கையில் இருக்கும் காசுக்குத் தகுந்த மாதிரி அரைச் சிலிண்டர்கூட நிரப்பிக்கொள்ளலாம். மாற்றும் முறையில் முழுசாகத்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு செய்தி பாரிஸிலிருந்து. 2024 மே 14 அன்று, ஆப்பிரிக்காவின் சமையலுக்கென்றே ஒரு உச்சி மாநாடு. தான்சானியா அதிபர் சாமியா சுலுஹு ஹசன் முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். 220 கோடி டாலர் வாக்குறுதி. 2030-க்குள் எல்லோருக்கும் என்றால் வருடத்துக்கு 400 கோடி வேண்டும் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கு. பணம் வரட்டும், நல்லது. அதில் எவ்வளவு சிலிண்டர் கொடுப்பதற்கு, எவ்வளவு அதை நிரப்புவதற்கு என்பதுதான் என் சந்தேகம். சிலிண்டர் கொடுக்கும் போட்டோவில் அமைச்சர் நிற்கலாம். ஏழாவது தடவை நிரப்பும்போது போட்டோ எடுக்க யாரும் வருவதில்லை. நமக்கும் இது தெரிந்த கதை. 2016-ல் ஆரம்பித்த உஜ்வலா திட்டத்தில் இணைப்புகள் கோடிக்கணக்கில் போய்ச் சேர்ந்தன, ஆனால் 2019-ல் வந்த தணிக்கை அறிக்கையில் அந்த வீடுகள் வருடத்துக்குச் சராசரியாக மூன்று சொச்சம் சிலிண்டர்தான் நிரப்பியிருந்தன.

கார்பன் கிரெடிட், அதாவது இவ்வளவு கரியமில வாயுவைக் குறைத்தோம் என்று கணக்குக் காட்டி விற்கும் சான்று, அந்தப் பணத்தில் அடுப்பு கொடுக்கும் திட்டங்களும் நிறைய. அதிலும் காகிதத்தில் மிச்சமான கரியமில வாயு, அடுப்பில் மிச்சமானதைப்போல சுமார் ஒன்பது மடங்கு என்று 2024-ல் பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கொடுத்த அடுப்பை எல்லோரும் தினமும் உபயோகிப்பதாக வைத்துக்கொண்டால் அப்படித்தான் வரும். அந்தக் கணக்கில் கட்டிலடி மெகோகூட தினமும் எரிந்துகொண்டிருக்கும்.

போன மாதம் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. குக்கர் மூடி, உள்பக்கம். கேஸ்கெட் வெடித்து இரண்டு இடத்தில் பிளந்திருந்தது. கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ். நைரோபியின் என்காரா பகுதியில் இந்தியர் கடையில் கேட்டாராம், அந்தக் கம்பெனி அளவு இல்லை என்றார்களாம். பேச்சுக்குப் பின்னால் சுஃபுரியா கொதிக்கும் சத்தம் கேட்டது. மெகோ நிரப்பினீர்களா என்று பதிலுக்குக் கேட்டேன். சிரிப்பு மட்டும் வந்தது.

கணவரின் பழைய ஆபீஸ்காரர் ஒருவர் அடுத்த வாரம் நைரோபி போகிறார். ஐந்து லிட்டர் கேஸ்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்று கேட்டார், மூன்று வாங்கினேன். பக்கத்துக் கடைக்காரிக்கும் குக்கர் வேண்டுமாம், ஆனால் விலையைத் தவணையில் கொடுப்பாளாம், வாரம் 50 ஷில்லிங்.